பழைய கார் வாங்கும் முன்: எதை, எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது? முழு வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளில் முடித்துவிடுகிறார்கள்: என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர், எத்தனை கை மாறியது. மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்த வயதில் ஒரு காரின் நிலையைத் தீர்மானிப்பது, அதை வைத்திருந்தவர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதுதான். நல்ல பேர் வாங்கிய மாடலாக இருந்தாலும், ஆயில் மாற்றாமல் ஓட்டித் தேய்த்த வண்டி உங்களிடம் வந்ததும் செலவைத்தான் வைக்கும். யாரும் பெரிதாகப் பேசாத மாடலாக இருந்தாலும், நேரத்துக்கு சர்வீஸ் செய்த வண்டி இன்னும் பல வருடம் ஓடும். ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் தேட வேண்டியது, அது கவனித்து வைக்கப்பட்டதற்கான தடயங்களை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரில் குறை இல்லாமல் இருக்காது. அந்தக் குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். டயர், பேட்டரி, கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏசி, இவையெல்லாம் பணம் கொடுத்தால் சரியாகிவிடும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். ஆனால் அடிப்பாகம் துருப்பிடித்து அரித்துப்போன கார், பெரிய விபத்தில் சட்டகமே வளைந்த கார், வெள்ளத்தில் மூழ்கிய கார், ஆவணத்தில் வில்லங்கம் உள்ள கார், இந்த நான்கையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இந்த நான்கையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. என்ஜின் சத்தத்தையும் ஏசி குளிர்ச்சியையும் பார்த்து மனம் லயித்த பிறகு அடியில் துருவைக் கண்டால், "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று மனமே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும்.

போவதற்கு முன்: போனிலேயே கேட்க வேண்டியவை

விற்பவரிடம் போனில் பேசும்போது திறந்த கேள்விகளாகக் கேளுங்கள். "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்றால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். "கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? எப்போது?" என்று கேளுங்கள். காரைக் கவனித்து வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார்: போன வருடம் கிளட்ச் மாற்றினேன், ஆறு மாதம் முன்பு பிரேக் பேட் போட்டேன், பில் இருக்கிறது என்று. எந்தக் கேள்விக்கும் "எல்லாம் பக்கா" என்றே பதில் வந்தால், ஒன்று அவருக்குக் காரைப் பற்றித் தெரியாது, அல்லது சொல்ல விரும்பவில்லை.

நேரத்தைப் பகலில் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தள்ளிப்போடுங்கள். ஈரமான பெயிண்டில் கீறல், நிற வித்தியாசம், ஒடுக்கு எதுவும் தெரியாது. மிக முக்கியமாக, "நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லி வையுங்கள். குளிர்ந்த என்ஜினை முதல்முறை கிளப்பும்போது வெளிப்படும் பல குறைகள், சூடான பிறகு மறைந்துவிடும்.

கூட எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு சின்னக் காந்தம், மெல்லிய துணி, கை துடைக்கக் காகிதம், முடிந்தால் ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினி பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் சின்னக் கருவி). கூடவே ஒரு ஆளையும் அழைத்துப் போங்கள். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நின்று புகையைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

முதல் படி: ஆவணமும் எண்ணும்

காரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே ஆவணங்களைக் கேளுங்கள். பதிவு ஆவணத்தில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? "என் நண்பருடைய கார், அவர் வெளியூரில் இருக்கிறார்" என்றால், அந்த நண்பர் வரும்வரை பேச்சை நிறுத்தி வையுங்கள். காரின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா, வரி, அபராதம் பாக்கி இருக்கிறதா, காப்பீட்டில் பெரிய விபத்துக்கு இழப்பீடு வாங்கியிருக்கிறார்களா என்பதை உங்கள் நாட்டில் அதற்கென உள்ள பதிவேடுகளில் நீங்களே தேடிப் பாருங்கள். விற்பவர் நீட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, சேஸிஸ் எண், அதாவது ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண். அமெரிக்காவில் 1981 முதல் இந்த எண் 17 இடங்கள் கொண்டதாகத் தரப்படுத்தப்பட்டது. எண்ணும் எழுத்தும் கலந்து வரும். 1, 0 ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதில்லை. ஒரே எண் காரில் பல இடங்களில் இருக்கும்: முன் கண்ணாடியின் அடி ஓரத்தில், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில், போனட்டுக்குள் அல்லது தரையில் இரும்பிலேயே பொறிக்கப்பட்டதாக. எல்லா இடத்திலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும், ஆவணத்தோடும் பொருந்த வேண்டும். எண் பொறித்த இடத்தைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் அங்கேயே விடைபெறுங்கள்.

இந்த எண் கையில் கிடைத்ததும் இன்னொரு வேலையும் செய்யலாம். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அதைக் கொடுத்து, திரும்ப அழைப்பு (குறையுள்ள பாகத்தை மாற்ற நிறுவனமே காரைக் கூப்பிடுவது) ஏதாவது முடிக்கப்படாமல் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் இருந்து அது சிதைந்தால், ஏர்பேக் விரியும்போது அதன் உலோகக் கூடு வெடித்து, துண்டுகள் உள்ளே இருப்பவர்மேல் பாயும். 2008-இல் தொடங்கிய இந்தத் திரும்ப அழைப்பு பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்களுக்கு விரிந்தது. 2000-களிலும் 2010-களின் முதல் பாதியிலும் வந்த கார் என்றால் கட்டாயம் பாருங்கள். திரும்ப அழைப்பில் சேர்ந்த காருக்கு நிறுவனம் பாகத்தை இலவசமாகவே மாற்றித் தருகிறது. முந்தைய உரிமையாளர்கள் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் மாற்றப்படாத கார்கள் ஏராளம்.

இரண்டாம் படி: துரு

இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டகம்) கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, தரைத் தகடு, ஷாக் அப்சார்பர் மேலே வந்து பொருந்தும் மேடை, ஜாக்கி வைக்கும் இடம், இவைதான் விபத்தில் உங்களைக் காப்பவை. அங்கே துரு அரித்திருந்தால் அந்தக் கார் பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை.

கதவு ஓரத்தில் கல் பட்டு உதிர்ந்த இடத்தில் லேசாகச் சிவப்பு இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாகத் தூக்கியிருந்தால் கவலைப்படுங்கள். அது உள்ளிருந்து வருகிற துரு. வெளியே ஒரு நாணய அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும். சக்கர வளைவின் உள் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். தண்ணீர் வடிவதற்கான ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் அரிப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும். டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி டயரையும் வெளியே எடுத்து, அந்தக் குழிக்குள் டார்ச் அடியுங்கள். முன் இருக்கைகளின் கீழே கால்விரிப்பை எடுத்துவிட்டுக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள், ஈரம் தட்டுகிறதா என்று.

அடியில் கருப்புப் பூச்சு புத்தம் புதிதாக இருந்தால் ஏன், எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். நல்ல உரிமையாளர்களும் துருவைத் தடுக்க அடிப்பார்கள். விற்பதற்கு முந்தைய வாரம் துருவை மறைக்கவும் அடிப்பார்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், சில நேரம் துகள் கொட்டும். கடலோரத்தில் ஓடிய கார், பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய கார் என்றால் இந்தப் படிக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்களையும் அப்போது சேர்த்துப் பாருங்கள்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: அடிபட்ட கார்தானா?

பம்பரில் உரசல், கதவில் ஒடுக்கு, இதெல்லாம் பழைய காரின் இயல்பு. அதை மறுபடி பெயிண்ட் அடித்திருந்தாலும் பாதகமில்லை. நமக்குத் தெரிய வேண்டியது, அடி சட்டகம் வரை போனதா என்பது.

காரிலிருந்து நான்கைந்து அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் கண்ணை ஓட்டுங்கள். வெளிச்சம் பாடியின்மேல் நேர்கோடாக ஓட வேண்டும். எங்காவது நெளிந்தால் அங்கே பட்டி போட்டிருக்கிறார்கள். துணியைச் சுற்றிய காந்தத்தை அங்கே வைத்தால் பிடிக்காது, அல்லது லேசாகத்தான் ஒட்டும். சில கார்களில் போனட்டே அலுமினியம், முன் ஃபெண்டர் பிளாஸ்டிக் என்பதால் காந்தம் ஒட்டவில்லை என்றதும் முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் அதே இடத்திலும் வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு இடைவெளிகள். போனட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி இடது வலது இரண்டிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கதவுகளும் அப்படித்தான். இனி போனட்டைத் திறந்து, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைக் கிட்டத்தில் பாருங்கள். பல கார்களில் இந்த போல்ட்டுகளை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால் தொழிற்சாலையிலிருந்து வந்த போல்ட்டின் விளிம்பில் பெயிண்ட் உடையாமல் முழுதாக இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் அறுகோணத்தின் முனைகளில் பெயிண்ட் உரிந்து, அடியில் வெள்ளி நிறத்தில் இரும்பு மின்னும். ஒரு பக்க போல்ட்டுகள் தொடாமலும் மறுபக்கம் எல்லாம் கழற்றி மாட்டியதாகவும் இருந்தால், அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. போனட் கீல், கதவுக் கீல், டிக்கி கீல் எல்லாவற்றிலும் இதையே பாருங்கள்.

அதே வெளிச்சத்தில், என்ஜினின் இருபுறமும் முன்னோக்கி நீளும் இரண்டு தடித்த இரும்புத் தூண்களையும், ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். அவற்றில் சுருக்கமோ, கையால் வைத்த வெல்டிங்கோ, மறுபக்கத்தில் இல்லாத பெயிண்ட்டோ இருந்தால் அது பெரிய விபத்து. தொழிற்சாலை வெல்டிங் சீரான சின்னப் புள்ளிகளாக வரிசையில் இருக்கும். இங்கே பேரம் பேச எதுவும் இல்லை. வேறு கார் பாருங்கள்.

கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். எல்லாம் ஒரே பெயராக, காரின் வருடத்துக்கு ஒத்துப்போகிற குறியோடு இருந்தால் நல்லது. முன் கண்ணாடி மட்டும் வேறாக இருப்பது சகஜம், கல் பட்டு உடைந்திருக்கலாம். பக்கவாட்டுக் கண்ணாடியோ பின்கண்ணாடியோ வேறாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். கதவு ரப்பரிலும் விளக்கின் ஓரத்திலும் பெயிண்ட் தூறல் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

நான்காம் படி: வெள்ளத்தில் நின்ற கார்

வெள்ளத்தில் மூழ்கிய காரை இப்போது நன்றாகவே கழுவி விற்கிறார்கள். இருக்கைத் துணி புதிது, கம்பளம் புதிது, வாசனைத் திரவியம் தூக்கல். வயரிங்கும் மின்னணுப் பெட்டிகளும் உள்ளுக்குள் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். மாதங்கள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். அதனால்தான் வாங்கும் நாளில் எல்லாம் ஓடுகிறது என்பது இங்கே ஆறுதல் ஆகாது.

கழுவுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோகும் இடம் சீட் பெல்ட். அதைக் கடைசிவரை, இனி வராது என்னும் அளவுக்கு இழுங்கள். ஒருமுறை தெரிந்தவர் ஒருவருக்காகப் பார்க்கப் போன காரில், உள்ளலங்காரம் எல்லாம் அவ்வளவு சுத்தம். ஓட்டுநர் பக்க பெல்ட்டை முழுதாக இழுத்தபோது, சுருளின் அடியில் இருந்த பகுதி காவி நிறத்தில் விறைத்திருந்தது. சாதாரணமாக வெளியே தெரியும் பகுதிக்கும் அதற்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டாற்போல் ஒரு கறை. விரலால் தேய்த்தால் மெல்லிய வண்டல் ஒட்டிக்கொண்டது. வேறு எதையும் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

இருக்கை நகரும் தண்டவாளங்கள், இருக்கை போல்ட்டுகள், பெடல்களின் மேல்பகுதி, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள உலோகப் பட்டைகள் ஆகியவற்றில் துரு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். காரின் உள்ளே அந்த இடங்கள் சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டிக்குள் மண், ஏசி போட்டதும் புழுக்க வாடை என எல்லாம் ஒரே கதையைச் சொல்லும்.

ஐந்தாம் படி: குளிர்ந்த என்ஜின்

நான்கு ஆபத்துகளையும் தாண்டிவிட்டதா? சரி, இப்போது என்ஜின். முதலில் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் சொல்லியும் முன்கூட்டியே கிளப்பியிருக்கிறார்கள். வேறு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். அளவு இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பெட்ரோல் காரில் ஆயில் தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை இருக்கலாம். டீசலில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும், அது குறை ஆகாது. குறி தெரியாத அளவுக்கு ஆயில் குறைந்திருந்தால், ஒன்று ஒழுகுகிறது, இல்லை என்ஜின் ஆயில் குடிக்கிறது. எதுவாக இருந்தாலும் அந்த உரிமையாளர் போனட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியைப் பாருங்கள். கருப்பாகத் தார்போல் படிந்திருந்தால் ஆயில் மாற்றும் காலத்தை நிறையத் தவறவிட்டிருக்கிறார்கள். வெண்ணெய்போல் வெளிர்மஞ்சள் கசடு இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கலாம். ஆனால் குளிர் காலத்தில் குறுகிய தூரமே ஓடும் கார்களில் மூடியில் மட்டும் இது லேசாகப் படிவதுண்டு. டிப்ஸ்டிக்கிலும் அதே கசடு இருந்தால்தான் உறுதி.

ரேடியேட்டர் மூடியை என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்; சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தெளிவான பச்சை, சிவப்பு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கட்டும். வெறும் தண்ணீர், துருநிறம், மேலே எண்ணெய்ப் படலம், மூன்றும் கெட்ட அடையாளம். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய என்ஜினில் உள்வழிகள் அரித்திருக்கும்.

இப்போது சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். செக் என்ஜின், ஆயில், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாத விளக்கு ஒரு குறை. முதலிலேயே எரியாத விளக்கு அதைவிடப் பெரிய குறை, ஏனென்றால் யாரோ அதை வேண்டுமென்றே துண்டித்திருக்கலாம். குறிப்பாக ஏர்பேக் விளக்கு. வெடித்த ஏர்பேக்கை மாற்றச் செலவாகும் என்பதால் கவரை மட்டும் மாட்டி, விளக்கை அடக்கிவிடும் கார்கள் உண்டு.

கிளப்புங்கள். கூட வந்தவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: கிளப்பியதும் ஒரு தடவை மட்டும் வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல், ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. முதலாவதைப் பேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது என்ஜின் வேலை. கருப்புப் புகை எரிபொருள் அதிகம் போவதைக் காட்டும். பழைய டீசலில் அழுத்தி மிதித்தால் லேசாக வருவது சகஜம், தொடர்ந்து வந்தால் இஞ்செக்டரையோ டர்போவையோ பார்க்க வேண்டும். காலைக் குளிரில் வெள்ளை ஆவி வந்து சில நிமிடத்தில் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது.

சத்தத்தைக் கேளுங்கள். டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் சங்கிலி) உள்ள என்ஜின் கிளம்பும்போது ஓரிரு நொடி கடகடத்து அடங்கலாம்; அதற்குமேல் நீடித்தால் செயினோ டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. அதற்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் சத்தமே இருக்காது, அதுதான் ஆபத்து. பல என்ஜின்களில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்றச் சொல்கிறார்கள், கூடவே வருடக் கெடுவும் உண்டு. சரியான கணக்கு அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி உள்ளே எல்லாம் வளைந்துவிடும். மாற்றியதற்குப் பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாட்டர் பம்ப்போடு சேர்த்து அந்தச் செலவைக் கணக்கில் எழுதுங்கள்.

கிலோமீட்டரை நம்பலாமா?

டிஜிட்டல் ஓடோமீட்டரையும் குறைத்து வைக்கிறார்கள். ஆகவே எண்ணைக் காரின் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள். பிரேக் பெடல் ரப்பர் ஒரு ஓரமாகத் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா? ஸ்டீயரிங்கின் தோல் பளபளக்கிறதா? ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு நசுங்கிக் கிழிந்திருக்கிறதா? மீட்டர் குறைவாகக் காட்டி இவையெல்லாம் தேய்ந்திருந்தால் மீட்டர் சொல்வது பொய். பழைய சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஏறுவரிசையில் வருகிறதா என்பது இன்னும் நல்ல சாட்சி.

உண்மையிலேயே மிகக் குறைவாக ஓடிய பழைய காரைப் பார்த்தும் மயங்கிவிடாதீர்கள். நிறுத்தியே வைத்த காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து ஒழுகத் தொடங்கும், டயர் இறுகும், பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஒட்டிக்கொள்ளும். வாரந்தோறும் ஓடி, கணக்காக சர்வீஸ் பார்த்த காரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

டயர் சொல்லும் கதை

டயரின் பக்கவாட்டில் டிஓடி குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் டயர் நிறுவனங்கள் பலவும் பத்து வருடத்தை உச்ச வரம்பாகச் சொல்கின்றன. பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் ஆழத்தைக் குறிப்பவை. தேய்மானம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

டயரின் தேய்மானம் டயரோடு நிற்பதில்லை. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, அல்லது புஷ், பால் ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது. அலையலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். நான்கும் புத்தம் புது மலிவு டயர் என்றால் பழைய டயர் காட்டியிருக்கும் தடயம் போய்விட்டது. அலைன்மென்டைக் கருவியில் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்ப்பது

தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது போதாது. குறைந்தது அரை மணி நேரம், நெரிசலிலும் வேகச் சாலையிலும் மேட்டிலும் மோசமான சாலையிலும் ஓட்டுங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள். பேசிக்கொண்டே வரும் விற்பனையாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் சத்தம் கேட்க வேண்டும் என்று.

மேனுவல் கியர் காரில், சமமான சாலையில் நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் உறுமல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் போடும்போது கரகரவென்று உரசினால் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் நின்ற நிலையில் பிரேக்கை மிதித்தபடி டி, ஆர் என மாற்றிப் பாருங்கள்; நீண்ட தாமதமோ பலமான உதையோ வரக்கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பழைய காரின் மதிப்பையே விழுங்கிவிடக்கூடியது. அதில் சிறு சந்தேகம் வந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். டக் டக் டக் என்று சீராகச் சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் போயிருக்கிறது. நேர்ச்சாலையில் கையை லேசாகத் தளர்த்தினால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் பிடித்தால் இழுக்கிறதா? இழுத்தால் ஒரு காலிப்பர் ஒட்டியிருக்கலாம். பிரேக்கில் ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க். வேகம் கூடக்கூட ஏறும் 'ஊ' என்ற முனகல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங். மேடு பள்ளத்தில் கடக்கடக் என்றால் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் இணைப்பு. இது மலிவான வேலைதான்.

திரும்பி வந்ததும் அணைத்துவிடாதீர்கள். ஏசியைப் போட்டு ஐட்லிங்கில் விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்க வேண்டும், வெப்ப முள் நடுவில் நிலைத்து நிற்க வேண்டும். அப்புறம் அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கும் கார்கள் இருக்கின்றன. அந்தப் பத்து நிமிடத்தில் அடியில் புதிதாக என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏசி நீர் என்றால் சரி.

ஸ்கேனரும் மெக்கானிக்கும்

1996 மாடல் முதல் அமெரிக்காவிலும், 2001 முதல் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களிலும் ஓபிடி இணைப்பு கட்டாயமானது. ஓரளவு புதிய எந்தக் காரிலும் இருக்கும். போனோடு இணையும் மலிவான ஸ்கேனரே போதும். பிழைக் குறி எதுவும் இல்லை என்பதோடு நிற்காமல், 'ரெடினஸ்' என்ற பக்கத்தையும் பாருங்கள். பிழைகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, காரின் சுயபரிசோதனைகள் மறுபடி முடிய நிறைய ஓட வேண்டும். பல பரிசோதனைகள் முடியாமல் கிடந்தால், நேற்றோ இன்றோ யாரோ அழித்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்துப் போனால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கான கூலி வீண் போகாது. ஆயில் ஒழுகல், ரப்பர் பூட் கிழிசல், அடிச்சட்டகத்தின் நிலை எல்லாம் நின்று பார்த்தால்தான் தெரியும். பெட்ரோல் என்ஜினில் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது) கேளுங்கள். அளவைவிட, சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பதே முக்கியம். ஹைப்ரிட் என்றால் பெரிய பேட்டரியின் ஆரோக்கியத்தை அந்த மாடல் தெரிந்தவரிடம் அளந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோக விற்பவர் மறுத்தால், அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

விலை பேசுவதும் முதல் வாரமும்

பேரத்துக்கு உட்காரும்போது கையில் ஒரு காகிதம் இருக்கட்டும்: உடனே செய்ய வேண்டிய வேலைகள், ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொன்ன தொகை. "கொஞ்சம் குறையுங்கள்" என்பதைவிட, "டயர் நான்கும் மாற்ற வேண்டும், டைமிங் பெல்ட்டுக்குப் பில் இல்லை" என்பது வேலை செய்யும். காரைக் குறை சொல்லிப் பேச வேண்டியதில்லை. நன்றாக வைத்திருந்தவருக்கு அது வலிக்கும், விலையும் இறங்காது. முழுப் பணத்தையும் ஆவணங்களில் கையெழுத்தாகும்போதே கொடுங்கள், பெயர் மாற்றத்தை அன்றே தொடங்குங்கள். இரண்டாவது சாவி, கையேடு, ஸ்டீரியோ கோட், சக்கர லாக் நட்டின் (திருட்டைத் தடுக்கும் நட்டின்) சாவி இவற்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாமல் வழியில் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றவே முடியாது.

கார் வீட்டுக்கு வந்ததும் பழைய பில் என்ன சொன்னாலும் என்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பழைய கார்களில் அதிகம் விட்டுப்போவது இதுதான். பெல்ட் சந்தேகம் இருந்தால் அதையும் உடனே. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள், பில்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கையும் கூலண்ட் அளவையும் பார்த்து வந்தால், இந்தக் கார் எதை எவ்வளவு குடிக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.